ஆல்புகெர்க்கியில் முதல் கோடை: காய்ந்த வெயிலுக்கும் ஜூலை இடிமழைக்கும் தயாராவது எப்படி

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் ஆல்புகெர்க்கிக்கு ஜூன் மாதம் வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் வாரம் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "வெயில் பரவாயில்லையே, வேர்க்கவே இல்லை." வேர்க்காமல் இல்லை. தோலுக்கு வெளியே வந்த வேகத்திலேயே வேர்வை காய்ந்துபோகிறது, அவ்வளவுதான். ஜூன் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போவது இங்கே சாதாரணம். சட்டை நனையாததால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று தெரியாது, தலை வலித்த பிறகுதான் தெரியும்.

படிக்க வருகிறவர்கள், பக்கத்து ஊரான ரியோ ரான்ச்சோவில் இன்டெல் ஆலை வேலைக்கு வருகிறவர்கள், குடும்பத்தோடு மாறி வருகிறவர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் சொல்ல நினைப்பது இதுதான்: வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஊரில் நமக்குப் பழகிப்போன கணக்குகள் இங்கே செல்லாது. அங்கே வேர்வை எச்சரிக்கும், இங்கே எச்சரிக்காது. அங்கே தலைக்கு மேல் கறுத்தால்தான் மழை, இங்கே தலைக்கு மேல் நீலமாக இருக்கும்போதே காலடியில் வெள்ளம் வரும். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் நம்மூரில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடுவோம், இங்கே அதே காரியம் உயிரை எடுக்கும்.

முதலில் கோடையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெயருக்குப் பாலைவனம், உயரத்தில் ஏற்காட்டுக்கும் மேலே. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 220 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் கிட்டத்தட்ட பாதி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றே மாதத்தில் கொட்டிவிடும்.

மே, ஜூன் என்பது காய்ந்த வெயில். ஜூனில் அதிகபட்சம் 33-லிருந்து 38 டிகிரி செல்சியஸ் வரை போகும். இந்த ஊரில் பதிவான உச்சம் 1994 ஜூன் 26 அன்று 107 ஃபாரன்ஹீட், அதாவது 42-க்குக் கொஞ்சம் கீழே. எண்ணை மட்டும் பார்த்தால் வேலூர்க்காரருக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஜூலைத் தொடக்கத்தில் காற்று திசை மாறும். அமெரிக்கத் தென்மேற்கின் மேலே உயர் அழுத்தம் வடக்கே நகர்ந்து உட்கார்ந்துகொள்ள, அதன் ஓரமாகத் தெற்கிலிருந்து கலிஃபோர்னியா வளைகுடா, பசிஃபிக், மெக்சிகோ வளைகுடா ஈரம் மேலே ஏறி வரும். இதையும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். தேசிய வானிலைச் சேவை ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 30 வரை என்று தேதி போட்டுவைத்திருக்கிறது. நம்ம தென்மேற்குப் பருவமழை மாதிரி நாள் கணக்கில் அடைமழை என்று எதிர்பார்க்காதீர்கள். நம்மூரில் வெப்பச்சலன மழை என்று சொல்வோமே, சாயங்காலம் திடீரென்று திரண்டு ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போவது, இது அந்த வகை. ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் புழுதி அடங்கியிருக்காது.

வந்த முதல் வாரம்: தண்ணீர், உப்பு, தொப்பி

தாகம் எடுத்துக் குடிப்பது என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். எங்கே போனாலும் கையில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கட்டும், வெளியே நடக்கிற நாளில் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வையுங்கள். வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து கால் இழுக்கும், தலை சுற்றும். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ், இவை போதும், விலை கொடுத்து வண்ணத் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நீங்கள் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம். நம்ம தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள், கறுப்புத் தோலும் இங்கே எரிந்து உரியும். அகல விளிம்புத் தொப்பி, கையை மூடும் மெல்லிய பருத்திச் சட்டை, சன்ஸ்கிரீன். முதல் இரண்டு வாரம் மூக்கு உள்ளே காய்ந்து சொட்டு ரத்தம் வரலாம், பயப்பட வேண்டாம், படுக்கும் முன் மூக்கின் விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவினால் சரியாகிவிடும். உதட்டுக்கு நெய். ரத்தம் நிற்காமல் வந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

காரில் குழந்தையையோ நாயையோ இரண்டு நிமிடம் என்று விட்டுப் போகவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சமையலறையில் ஒன்று: இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக வெகு நேரம் ஆகும், குக்கர் இல்லாமல் வராதீர்கள், குக்கரிலும் ஒன்றிரண்டு விசில் கூட வையுங்கள். இன்னொன்று சந்தோஷமான விஷயம். ஜூனில் வடாம் பிழிந்தால் ஒரே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். காற்று மட்டும் பலமாக அடிக்கும், நான்கு மூலையிலும் கல் வையுங்கள்.

கூலரைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஊரின் பழைய வீடுகள் நிறையவற்றில் ஏசி கிடையாது. கூரை மேல் ஒரு பெரிய தகரப் பெட்டி இருக்கும். ஸ்வாம்ப் கூலர் என்பார்கள், நம்மூர் ஏர் கூலரேதான், பெரிய அளவில். வாடகைக்கு வீடு பார்க்கும்போது "ரெஃப்ரிஜரேட்டட் ஏர்" என்று போட்டிருந்தால் அது ஏசி. வெறும் "கூலிங்" என்று இருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள்.

ஜூன் மாதம் இந்தக் கூலரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெளியே 38 டிகிரி, காற்று எலும்பாகக் காய்ந்திருக்கிறது, அது நனைந்த தட்டி வழியாக உள்ளே வரும்போது 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த அதே கணக்கு. மின்சாரச் செலவும் ஏசியைவிட மிகக் குறைவு. ஆனால் இதை ஏசி மாதிரி நினைத்து ஓட்டக் கூடாது, அதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன்.

என் முதல் ஜூலையில் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். குளிர்ந்த காற்று வெளியே போகக் கூடாது என்று எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு இரவு முழுக்கக் கூலரை ஓடவிட்டேன். விடியற்காலை எழுந்து பார்த்தால் படுக்கை விரிப்பு தொட்டால் ஜில்லென்று ஈரம், உப்பு ஜாடியில் உப்பு கட்டிதட்டிக் கிடக்கிறது, குளியலறைக் கதவு உப்பிப் போய்ச் சாத்த வரவில்லை, அப்பா விடாமல் இருமுகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து ஒன்றும் பேசாமல், கூலர் காற்று விழுகிற கூடத்துக்கு எதிர்க்கோடியில் இருந்த இரண்டு ஜன்னல்களை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்துவிட்டு, ஜன்னல் இடுக்கில் என் கையைப் பிடித்து வைத்தார். உள்ளேயிருந்து காற்று புறங்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது. அது போக வேண்டும். கூலர் வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதற்கு வெளியேற வழி இல்லையென்றால் வீட்டுக்குள் ஈரம்தான் சேரும்.

ஆக, செய்ய வேண்டியவை இவை. ஏப்ரல் கடைசி வரை இரவில் தண்ணீர் உறையும் என்பதால் மே வாக்கில் வீட்டுக்காரரிடம் சொல்லிக் கூலரைத் திறந்து, தட்டி மாற்றி, தண்ணீர்த் தொட்டியில் படிந்த உப்பைக் கழுவச் சொல்லுங்கள். போடும்போது முதலில் பம்பை மட்டும் போட்டு ஐந்து நிமிடம் தட்டி நனையட்டும், பிறகு விசிறி. எந்த அறை குளிர வேண்டுமோ அந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், காற்று அங்கேதான் ஓடும். இரவில் வெளியே 18 டிகிரிக்கு இறங்கிவிடும், அப்போது பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறி போதும். காலை எட்டு மணிக்குள் வெயில் விழுகிற பக்கத் திரையை எல்லாம் இழுத்து மூடிவிடுங்கள்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் கூலர் கைவிடும், இதைத் தெரிந்தே இருங்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆவியாக இடமில்லை, அதனால் குளிர்ச்சியும் இல்லை. வயதானவர்கள், கைக்குழந்தை, இதய நோய் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு அறைக்காவது ஜன்னல் ஏசி வாங்கிப் போடுங்கள், ஜூன் மாதமே வாங்குங்கள்.

ஜூலைக்கு முன் ஒருமுறை கூரையைப் பாருங்கள்

மண் நிறப் பூச்சும் தட்டைக் கூரையுமாக இருக்கும் வீடென்றால், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு சின்னச் சின்ன வாய்கள் தெரியும். கனாலே என்று ஸ்பானிஷில் சொல்வார்கள், மொட்டை மாடித் தூம்பு போலத்தான். எட்டு மாதக் காற்று அடித்துக் கொண்டுவந்த மண்ணும் சருகும் அதில் அடைத்திருக்கும். ஏணி வைத்து யாரையாவது ஏறச் சொல்லிச் சுத்தம் செய்துவிடுங்கள். அடைத்திருந்தால் முதல் பெருமழையில் கூரை குளமாகி, தண்ணீர் கூடத்தில் இறங்கும். ஆலங்கட்டி மழையும் உண்டு, காருக்கு நிழற்கூரை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஜூலையில் வானத்தைப் படிப்பது

காலை துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும். பத்து, பதினொரு மணிக்குக் கிழக்கே சாண்டியா மலை உச்சியில் பஞ்சு மாதிரி ஒன்றிரண்டு மேகம் முளைக்கும். மதியம் அது பூக்கோசு போல மேலே மேலே பொங்கும். அடி தட்டையாகக் கறுத்து, தலை இஸ்திரி போட்டது போல ஒரு பக்கம் பரந்தால் இடி நிச்சயம். இரண்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அது மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வரும்.

ஈரப்பத சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அது நேரத்துக்கு நேரம் மாறும். கைபேசியில் பனிநிலை வெப்பம், அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை (டியூ பாயிண்ட்) எவ்வளவு என்று காலையில் பாருங்கள். ஜூனில் அது உறைநிலைக்குப் பக்கத்தில் கிடக்கும். 10 டிகிரி செல்சியஸ், இங்குள்ள ஃபாரன்ஹீட் கணக்கில் 50, அதைத் தாண்டினால் அன்று மழைக்குத் தோது இருக்கிறது. நான் துணி காயப்போடுவதா வேண்டாமா என்று இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

பருவத் தொடக்கத்தில் இன்னொரு காட்சி பார்ப்பீர்கள். மேகத்திலிருந்து சாம்பல் நிறத் திரை தொங்கும், ஆனால் தரையைத் தொடாது. மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. விர்கா என்பார்கள். அழகாக இருக்கிறதே என்று நின்று பார்க்காதீர்கள். ஆவியான இடத்தில் காற்று குளிர்ந்து கனத்து நேரே கீழே விழும், விழுந்த வேகத்தில் நாலாபுறமும் அடிக்கும். தோட்டத்துக் குடை, டிராம்போலின் எல்லாம் பறக்கும். ஒரு துளி மழை இல்லாமலே மின்னல் இறங்கிக் காட்டுத் தீ பிடிப்பதும் இந்த நாட்களில்தான். வெப்பம் பத்து நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கினால், குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தால், உள்ளே போய்விடுங்கள்.

இடிச்சத்தம் காதில் விழுகிறதென்றால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறீர்கள். மரத்தடி, பூங்காவின் திறந்த கொட்டகை, கூடாரம் எதுவும் பாதுகாப்பில்லை. கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வராதீர்கள். நம்மூரில் முதல் மழைக்கு மாடிக்கு ஓடி நனைவோமே, அந்த ஆசையை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். மண்வாசனை ஜன்னல் வழியாகவே வரும்.

அரோயோ: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

அரோயோ என்றால் ஸ்பானிஷில் ஓடை. நம்ம சொல்லில் காட்டாறு என்பதுதான் சரி, ஆண்டில் முக்கால்வாசி நாள் வறண்ட மணல், மழை நாளில் கொலைகாரத் தண்ணீர். ஊருக்குள் ஓடும் அரோயோக்கள் பலவற்றைச் சிமென்ட் போட்டு அகலமான கால்வாய்களாக மாற்றியிருக்கிறார்கள். இதற்கென்றே 1963-இல் ஒரு வெள்ளத் தடுப்பு ஆணையத்தை அமைத்தார்கள். சாண்டியா மலையில் விழும் தண்ணீரைத் தடங்கலில்லாமல் ரியோ கிராண்டே ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு வழவழவென்று கட்டியவை அவை. சைக்கிள் பாதைகள் நிறைய இதன் கரையோரமாகவே போகும்.

ஒரு ஆகஸ்ட் சாயங்காலம், ஐந்து மணி இருக்கும், மகளுக்கு ஏழு வயது, இருவரும் அப்படி ஒரு கரையில் நடந்துகொண்டிருந்தோம். தலைக்கு மேல் சுத்தமான வெயில். மலை மட்டும் கறுத்திருந்தது. அவள் கையிலிருந்த பந்து சரிவில் உருண்டு கால்வாய் நடுவில் போய் நின்றது. தரை காய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது, நான் போய் எடுத்து வரட்டுமா அப்பா என்று கேட்கிறாள். நான் பதில் சொல்வதற்குள், தூரத்தில் எங்கோ லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல். வளைவைத் தாண்டி வந்தது, பழுப்பு நுரை, முழங்கால் உயரம்தான், முன்னால் சருகு, ஒடிந்த கிளை, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் சுருட்டித் தள்ளிக்கொண்டு. பந்து ஒரு தடவை மேலே துள்ளியது, அப்புறம் காணோம். நூறு எண்ணுவதற்குள் எதிர்ச் சரிவில் இருந்த வண்ணக் கோடு முங்கிவிட்டது, அது என் மார்பு உயரம். அங்கே ஒரு துளி மழை பெய்யவில்லை.

சரிவு சிமென்ட், அதில் சேறு பூசினால் சோப்பு மாதிரி. உள்ளே விழுந்தவர் தானாக ஏறவே முடியாது. அதனால் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்க ஒரே விதி: கால்வாய்க்குள் இறங்கக் கூடாது, காய்ந்திருந்தாலும் கூடாது, பந்து போனால் போகட்டும். இங்கே பள்ளிகளிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள், வீட்டிலும் சொல்லுங்கள். யாராவது விழுந்துவிட்டதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள், 911-ஐ அழைத்து எந்தப் பாலத்துக்குப் பக்கம், எந்தத் திசையில் போகிறார் என்று சொல்லுங்கள்.

மழை ஓரிடத்தில், வெள்ளம் வேறிடத்தில் என்பது இந்தப் பகுதி முழுக்கப் பொருந்தும். அரிசோனாவில் எல்லோரும் படம் எடுக்கப் போகும் ஆண்டலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பயணிகள் இறந்தார்கள். மழை கொட்டியது பல மைல் மேலே. மழைக்காலத்தில் குறுகலான பாறை இடுக்குகளுக்குப் போவதாக இருந்தால் அங்கே உள்ள வானிலையை மட்டுமல்ல, மேல்பகுதி வானிலையையும் கேட்டுக்கொண்டு போங்கள். வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால் கட்டிய பணத்தை நினைக்காதீர்கள்.

வண்டி ஓட்டும்போது

கைபேசி எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள். "வாட்ச்" என்று வந்தால் வெள்ளம் வர வாய்ப்பு இருக்கிறது, "வார்னிங்" என்று வந்தால் வந்துவிட்டது அல்லது வந்துகொண்டே இருக்கிறது.

ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் சின்னக் காரை நகர்த்தும், 60 சென்டிமீட்டர் பெரிய வண்டியையும் மிதக்க வைத்து இழுத்துக்கொண்டு போகும். நம்மூர்ச் சுரங்கப்பாதையில் நிற்கும் தண்ணீர் வேறு, இது சரிவில் பாய்கிற தண்ணீர், அடியில் சாலை இருக்கிறதா அரித்துப்போனதா என்பதும் தெரியாது. திரும்பிவிடுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தால் அநேகமாக வடிந்துவிடும்.

புழுதிப்புயலுக்கு முறை வேறு. தெற்கே லார்ட்ஸ்பர்க் பக்கம் 10-ஆம் எண் நெடுஞ்சாலை ஒரு காய்ந்த ஏரிப் படுகை வழியாகப் போகிறது, அங்கே எதிரே ஒன்றும் தெரியாத அளவுக்கு மண் எழும்பும். அப்படி ஆனால் சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி ஓரமாக நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கை எரியவிடத்தான் மனசு சொல்லும். ஆனால் பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து அதுதான் சாலை என்று நேரே வந்து மோதுவார்.

மலைக்குப் போகும் நாள்

சாண்டியா உச்சி 3,255 மீட்டர். லா லூஸ் பாதையில் நடப்பதென்றால் விடியும் முன் கிளம்பி, மதியத்துக்குள் உச்சி முகட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ரோப்காரில் இறங்கிக்கொள்ளலாம் என்று நம்பி ஏறாதீர்கள், மின்னலும் பலத்த காற்றும் வந்தால் அதை நிறுத்திவிடுவார்கள். கீழே 37 டிகிரியாக இருந்தாலும் பையில் ஒரு மழைக்கோட்டு இருக்கட்டும், நனைந்த உடம்பில் மலைக்காற்று பட்டால் நடுக்கம் வரும்.

காடு எரிந்த இடங்களுக்குக் கீழே முகாம் போடுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். எரிந்த மண் தண்ணீரைக் குடிக்காது, சின்ன மழையும் அப்படியே சாம்பலும் மரமுமாக உருண்டு வரும். ருயிதோசோ மலைநகரைச் சுற்றி 2024 ஜூனில் காடு எரிந்தது, 2025 ஜூலை 8 அன்று அங்கே பெய்த மழையில் ஆறு ஒரு மணி நேரத்துக்குள் 20 அடிக்கு மேல் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு வீடு எடுப்பதென்றால் ஆற்றங்கரையில் வேண்டாம், மேட்டில் எடுங்கள், வெளியேற இரண்டாவது வழி எது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள்.

மழை விட்ட பிறகு

முதல் நல்ல மழை முடிந்த இரவு காதைக் கொஞ்சம் வெளியே வையுங்கள். மாதக்கணக்காக மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஸ்பேட்ஃபுட் தேரைகள் மேலே வந்து, குட்டைகளில் விடியவிடியக் கத்தும். நியூ மெக்சிகோவின் மாநில நீர்நில வாழ்வி அது. குட்டை வற்றுவதற்குள் முட்டையிட்டு, தலைப்பிரட்டை தேரையாகிவிட வேண்டும், அதனால் அவ்வளவு அவசரம். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், பாம்பும் அந்த நேரம்தான் நடமாடும்.

அடுத்த வாரமே வாசலில், நடைபாதை ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு கொடி படர்ந்து மஞ்சள் பூ வைக்கும். கோட்ஹெட் என்று இங்கே திட்டுவார்கள். உற்றுப் பாருங்கள், நம்ம நெருஞ்சியேதான், அதே செடி. காய் முற்றினால் சைக்கிள் டயர் ஒன்றையும் விட்டுவைக்காது. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது, பூ காயாகும் முன், வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். முள் வீட்டுக்குள் வருவது செருப்படியில் ஒட்டிக்கொண்டுதான், அதனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிற நம் வழக்கத்தை இங்கேயும் விடாதீர்கள்.